இடம் சுட்டிப் பொருள் விளக்குதல்

படிப்பதற்கென்று ஒரு நாற்காலி வாங்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வாங்கச் சென்ற அன்று கடையில் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. மேசைமேல் கிடந்த இதழ் ஒன்றைப் புரட்டினேன். முதுகுவலியைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று அதில் இருந்தது. உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நடுவயதில் படும் துன்பத்தை விரிவாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்து முடித்த பிறகு நான்கு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். நான்காவதில் உட்கார்ந்ததுமே இதுதான் என்று மனம் சொல்லிவிட்டது. அது உறுதியாக இருந்தது, முதுகைத் தாங்கியது, உடலை நிமிர்த்தி வைத்தது. காரணங்களை நான் தேடவேயில்லை. அவை தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

நாற்காலி வீட்டுக்கு வந்த மறுநாள் தம்பி அதில் உட்கார்ந்து பார்த்தான். “என்ன அக்கா, பலகைமேல் உட்கார்ந்தது போல இருக்கிறதே!” என்றான். எனக்குச் சற்றே கோபம் வந்தது. ஆனால் அவன் எழுந்ததும் நான் போய் உட்கார்ந்தபோது, அது எனக்கும் பலகையாகத்தான் இருந்தது. இருக்கையின் தன்மை ஓரிரவில் மாறியிருக்க முடியாது. கடையில் ‘உறுதி’ என்ற பெயரில் என்னிடம் வந்த அதே தன்மை, வீட்டில் ‘கட்டை’ என்ற பெயரில் வந்திருந்தது. இடையில் மாறியது நான் படித்ததும் கேட்டதும்தான். இந்தச் சிறிய அனுபவம் என்னை நெடுநாள் விடவில்லை. நுகர்வோர் உளவியல் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

பள்ளித் தமிழ்த் தேர்வில் ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக’ என்று ஒரு வினா வரும். ஒரு தொடரைக் கொடுத்து, அது எந்த இடத்தில் வருகிறது என்று சொன்ன பிறகே அதன் பொருளைச் சொல்லச் சொல்வார்கள். இடம் தெரியாமல் பொருள் சொன்னால் மதிப்பெண் கிடைக்காது. நம் மொழியில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் விலை கொடுத்து வாங்கும் பண்டத்தையும் குறிக்கிறது, ஒரு சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கிறது. இதைத் தற்செயலான ஒற்றுமை என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது, இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது என்றே தோன்றுகிறது: பண்டத்தையும் நாம் இடம் சுட்டித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

ஒரு சிறிய சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். படகு, கரை, வெள்ளம், ஆறு என்று படியுங்கள். பிறகு நான்கு, ஐந்து, ஆறு என்று படியுங்கள். முதல் வரிசையில் நீர் ஓடியது, இரண்டாவதில் எண் வந்தது. இரண்டு பொருள்களில் எதைக் கொள்வது என்று நீங்கள் எங்கும் நின்று யோசிக்கவில்லை. முன்னால் வந்த சொற்கள் உங்களுக்காக முடிவு செய்துவிட்டன. உளவியலார் இதைப் பிரைமிங் என்கிறார்கள். நான் முன்தூண்டல் என்று எழுதுகிறேன். 1971இல் டேவிட் மேயரும் ரோஜர் ஷ்வானெவெல்ட்டும் இதை நேரக் கணக்கில் அளந்தார்கள். திரையில் தோன்றும் இரு எழுத்துக்கோவைகளும் உண்மையான சொற்களா என்று பங்கேற்பாளர்கள் சொல்ல வேண்டும். ரொட்டி, வெண்ணெய் என்பன போன்ற தொடர்புள்ள இணைகளுக்கு, தொடர்பற்ற இணைகளைவிட ஏறத்தாழ 85 மில்லிநொடி விரைவாக விடை வந்தது. ஒரு சொல் தன் உறவுச் சொற்களையும் எழுப்பி விடுகிறது என்பதற்கு இது இன்றளவும் அசையாத சான்று.

சொல்லிலிருந்து தீர்ப்புக்கு நகர்ந்த ஆய்வு 1977இல் வந்தது. டோரி ஹிக்கின்ஸும் உடன் பணியாற்றியவர்களும், முதலில் ஒரு நிறப் பயிற்சி என்ற பெயரில் சில குணச்சொற்களைப் பங்கேற்பாளர்களின் நினைவில் இருத்தினார்கள். ஒரு குழுவுக்குத் துணிவு, தன்னம்பிக்கை போன்ற சொற்கள். இன்னொரு குழுவுக்கு அசட்டுத்துணிச்சல், செருக்கு போன்ற சொற்கள். பிறகு, இதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு பயிற்சி என்று சொல்லி, டொனால்ட் என்பவனைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். மலையேறியவன், வெள்ளப் பாய்ச்சலில் படகு செலுத்தியவன், விமானத்திலிருந்து குதிக்கத் திட்டமிடுபவன். முதல் குழு அவனைப் பெரும்பாலும் வீரனாகக் கண்டது. இரண்டாம் குழு அவனிடம் குறை கண்டது. இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு பகுதி. கீழ்ப்படிதல், ஒழுங்கு என்று டொனால்டின் செயல்களுக்குப் பொருந்தாத சொற்களை ஊட்டியபோது, அவை நல்லவையானாலும் தீயவையானாலும், தீர்ப்பில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. ஆகவே முன்தூண்டல் என்பது மனத்தில் பொதுவான இனிப்பையோ கசப்பையோ தடவிவிடும் வேலை அன்று. எதிரில் இருப்பதற்கு இரு பெயர்கள் பொருந்தக்கூடியதாக இருந்தால், அவற்றில் ஒன்றை நாவின் நுனிக்குக் கொண்டு வருவது மட்டுமே அதன் வேலை.

பண்டங்களின் உலகத்தில் இரு பெயர்கள் பொருந்தாத தன்மையைக் காண்பதுதான் அரிது. 1990இல் யூஜே யி வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. பல வசதிகள் கொண்ட ஒரு கணினிக்கான விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசதிகள் நிறைய என்றால் பலவற்றுக்கும் பயன்படும் என்றும் கொள்ளலாம்; கற்றுக்கொள்ளக் கடினம் என்றும் கொள்ளலாம். விளம்பரத்துக்கு முன்னால் வாசகர் எதைப் படித்தார் என்பதைப் பொறுத்து அந்த ஒரே செய்தி நிறையாகவோ குறையாகவோ எடுத்துக்கொள்ளப்பட்டது. என் நாற்காலியின் கதையைத்தான் அவர் ஆய்வகத்தில் நடத்தியிருக்கிறார் என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நயோமி மேன்டலும் எரிக் ஜான்சனும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அவர்கள் ஓர் இணையக் கடையை உருவாக்கினார்கள். வசதி மிகுந்த, விலை கூடிய ஒரு சோபா. வசதி குறைந்த, விலை மலிவான இன்னொரு சோபா. சிலருக்குப் பக்கத்தின் பின்புலத்தில் பஞ்சு போன்ற மேகங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குப் பச்சைப் பின்புலத்தில் சில்லறை நாணயங்கள் தெரிந்தன. மேகத்தைக் கண்டவர்கள் சுகத்துக்கும், நாணயத்தைக் கண்டவர்கள் விலைக்கும் கூடுதல் எடை கொடுத்தார்கள். அந்தப் பண்டத்தில் பழக்கமில்லாதவர்களின் தேடலே திசைமாறியது. மேகத்தைப் பார்த்தவர்கள் சுகத்தைப் பற்றிய விவரங்களைக் கூடுதலாகத் திறந்து படித்தார்கள். பழக்கமுள்ளவர்களின் தேடல் அப்படித் திரும்பவில்லை. ஆனாலும் அவர்களுடைய தேர்வும் மாறியது. இதை ஒருவர் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நன்றாக ஆராய்ந்து வாங்குகிறேன் என்று சொல்பவர், எதை ஆராய வேண்டும் என்ற கேள்விக்குரிய விடையை எங்கிருந்து பெற்றார் என்று கேட்டுக்கொள்வதில்லை. என் நாற்காலியை நானும் ஆராய்ந்துதான் வாங்கினேன். முதுகைத் தாங்குகிறதா என்று நான்கிலும் சோதித்தேன். இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா என்று ஒன்றிலும் சோதிக்கவில்லை.

ஆனால் எல்லாப் பண்டங்களும் சூழலுக்கு ஒரே அளவில் வளைந்து கொடுப்பதில்லை. ஸ்டீஃபன் ஹோக்கும் யங்-வான் ஹாவும் 1986இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் இரண்டு பண்டங்களை எடுத்துக்கொண்டார்கள்: ஈரம் துடைக்கும் காகிதத் துண்டு, போலோ சட்டை. காகிதத் துண்டு நீரை உறிஞ்சுகிறதா, கிழிகிறதா என்பதைக் கண்முன்னே பார்த்துவிடலாம். சட்டையின் தரமோ அவ்வளவு எளிதில் புலப்படாது. விளம்பரத்தைப் படித்துவிட்டுப் பண்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, காகிதத் துண்டைப் பற்றிய தீர்ப்பில் விளம்பரம் எதுவும் செய்ய முடியவில்லை. சட்டையின் விஷயத்தில், அதைத் தொட்டுப் பார்த்த அனுபவமே விளம்பரத்தின் கண்ணாடி வழியாக நிகழ்ந்தது. பார்த்தவர்கள் தங்கள் கையையும் கண்ணையும் நம்பினார்கள். அந்தக் கையும் கண்ணும் விளம்பரம் காட்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

இதனால்தான் ‘சூழல் மனிதரை ஆட்டிவைக்கிறது’ என்று ஒரே வரியில் சொல்வதை நான் ஏற்பதில்லை. பண்டம் தெளிவாகப் பேசும் இடத்தில் சூழல் வாயடைத்துப் போகிறது. பண்டம் முணுமுணுக்கும் இடத்தில்தான் சூழல் அதற்காகப் பேசுகிறது. 1988இல் எர்வின் லெவினும் கேரி கேத்தும் அரைத்த மாட்டிறைச்சியைக் கொண்டு செய்த ஆய்வும் இதையே உறுதிசெய்கிறது. ‘75 சதவீதம் கொழுப்பற்றது’ என்று சொன்னபோது உயர்ந்த மதிப்பீடும், ‘25 சதவீதம் கொழுப்பு’ என்று சொன்னபோது தாழ்ந்த மதிப்பீடும் வந்தன. ஆனால் உண்டு பார்த்தவர்களிடம் இந்த இடைவெளி குறைந்துவிட்டது. முற்றிலும் மறையவில்லை, குறைந்தது. நேரடி அனுபவம் சூழலைத் துரத்திவிடுவதில்லை. அதற்குரிய இடத்தைச் சுருக்குகிறது.

சூழல் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் இசை, நிறம், விளம்பரம் ஆகியவற்றையே நினைக்கிறோம். எல்லாவற்றையும்விட வலிமையான சூழல், பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் இன்னொரு பண்டம்தான். கிறிஸ்டஃபர் ஹ்ஸீ 1996இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு இசை அகராதிகள் வருகின்றன. ஒன்றில் 10,000 சொற்கள். புத்தம் புதியது போல இருக்கிறது. இன்னொன்றில் 20,000 சொற்கள். ஆனால் அட்டை கிழிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒன்றை மட்டும் காட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, சிறிய அகராதிக்குச் சராசரியாக 24 டாலரும் பெரியதற்கு 20 டாலரும் கொடுக்க முன்வந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது சிறியது 19 டாலருக்கு இறங்கியது, பெரியது 27 டாலருக்கு ஏறியது. காரணம் எளிது. பத்தாயிரம் சொற்கள் என்பது அதிகமா குறைவா என்று தனியாகப் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. கிழிந்த அட்டை குறை என்பது தனியாகப் பார்த்தாலும் தெரியும். பக்கத்தில் இன்னொன்று வந்ததும் பத்தாயிரம் என்ற எண்ணுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது.

இந்த ஆய்வைப் படித்தபோது ஒரு பழைய குழப்பம் எனக்குத் தீர்ந்தது. கடையில் நாம் எப்போதும் சேர்த்துப் பார்க்கிறோம். வீட்டில் எப்போதும் தனியாகப் பயன்படுத்துகிறோம். இரண்டு ஒலிபெருக்கிகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது பெரிதாகத் தெரியும் வேறுபாடு, ஒன்று மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு எவருக்கும் கேட்பதில்லை. அது அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் நாள்தோறும் கண்ணில் படுகிறது. அதனால் ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை என்ற பொதுக் கருத்தில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். எண்களை விளங்கிக்கொள்ள ஒப்பீடு வேண்டும். அதனோடு சேர்ந்து வாழ முடியுமா என்று அறிய, ஒப்பீடு தடையாக நிற்கிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் முதல் இரண்டின் நிலை மாறும் என்பதும் இதன் தொடர்ச்சியே. இட்டமார் சைமன்சனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1992இல் மினோல்டா கேமராக்களை வைத்து இதைக் காட்டினார்கள். 169.99 டாலர், 239.99 டாலர் என்று இரண்டு மட்டும் இருந்தபோது தேர்வு சரிபாதியாகப் பிரிந்தது. 469.99 டாலர் விலையுள்ள மூன்றாவதைச் சேர்த்ததும், நடுவில் இருந்ததை 57 சதவீதத்தினர் எடுத்தார்கள். மலிவானதை எடுத்தவர்கள் 22 சதவீதம்தான். விலையைப் பற்றிய முன்தூண்டலிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. பால் ஹெர் 1989இல் கார்களின் விலையை வைத்துக் காட்டியது இது: முன்னால் காட்டப்படும் பண்டம் மிதமானதாக இருந்தால், பின்னால் வருவது அதனோடு ஒட்டிக்கொள்கிறது, மிகவும் விலையுயர்ந்ததாகவோ மிகவும் மலிவானதாகவோ இருந்தால், பின்னால் வருவது அதிலிருந்து விலகி எதிர்த்திசைக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே ஒரே தூண்டல் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் என்று எண்ணக்கூடாது. ஒப்பீட்டு வித்தைகளுக்கும் எல்லை உண்டு. எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு தாழ்ந்த பண்டத்தைப் பக்கத்தில் வைத்து இன்னொன்றை உயர்த்திக் காட்டும் உத்தியை, எண்களுக்குப் பதிலாகப் படங்களையும் நேரடி அனுபவத்தையும் கொண்டு ஷேன் ஃபிரடெரிக்கும் மற்றவர்களும் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். அங்கே அந்த விளைவு பெரும்பாலும் காணாமல் போனது. பண்டம் தானே பேசும் இடத்தில் சூழல் ஒடுங்குகிறது என்ற அதே உண்மை இங்கும் திரும்பி வருகிறது.

இனிச் சொல்லப்போவது சற்றுச் சிக்கலானது. சூழல் தீர்ப்பை மட்டும் மாற்றுகிறதா, அனுபவத்தையே மாற்றுகிறதா? மது ஆய்வுகள் இதற்குப் பெரிதும் பயன்பட்டிருக்கின்றன. பிரான்ஸின் போர்டோவில் 54 சுவைஞர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை மதுவைக் கொடுத்து அதன் மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிவப்பு மதுவுக்கே உரிய மணச்சொற்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஹில்கே பிளாஸ்மனும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் மூளை வருடிக்குள் (ஸ்கேனருக்குள்) படுத்தபடி மதுவைச் சுவைத்தார்கள். ஒரே மது ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் அறிமுகமானது. உயர்ந்த விலை சொல்லப்பட்டபோது பிடித்திருக்கிறது என்ற மதிப்பீடு உயர்ந்தது. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. ஆனால் சுவையை முதலில் பெறும் பகுதிகளில் அப்படி மாற்றம் தெரியவில்லை. இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதை நான் விரும்பவில்லை. என்றாலும், விலையைக் கேட்டு மகிழ்ந்தவரைப் பாசாங்கு செய்பவர் என்று ஏசுவது முறையன்று என்று மட்டும் இதிலிருந்து கொள்கிறேன். அவர் உண்மையாகவே மகிழ்ந்திருக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2006இல் வெளிவந்த ஒரு பீர் ஆய்வு. பீரில் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்து மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழுவுக்குக் குடிப்பதற்கு முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குக் குடித்த பிறகு, தீர்ப்பு சொல்வதற்கு முன் சொன்னார்கள். முன்பே அறிந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. குடித்த பிறகு அறிந்தவர்களோ, ஒன்றும் அறியாதவர்களைப் போலவே அதை விரும்பினார்கள். வினிகர் கெட்டது என்ற எண்ணம் தீர்ப்பில் மட்டும் கலந்திருந்தால், முன்னால் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் விளைவு ஒன்றாக இருந்திருக்கும். வேறுபாடு வந்ததால், அந்தச் செய்தி நாவில் சுவையோடு கலந்திருக்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. தம்பி முன்கூட்டியே ‘பலகை’ என்று சொல்லியிருந்தால் கடையிலேயே எனக்கு அது பலகையாகத்தான் இருந்திருக்கும்.

வல்லுநர்களும் விலக்கல்லர். 2010இல் இண்டியானாபோலிஸில் 21 வயலின் கலைஞர்களின் கண்களை இருண்ட கண்ணாடிகளால் மறைத்து ஆறு வயலின்களை வாசிக்கச் செய்தார்கள். மூன்று புதியவை, மற்ற மூன்றும் பழைய இத்தாலியக் கைவினைஞர்கள் செய்த, பெருமதிப்புள்ள வயலின்கள்: இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவர்னேரி. இவற்றில் எதை வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்கள் என்று கேட்டதற்கு 13 பேர் புதிய வயலினையே தேர்ந்தார்கள். எல்லாவற்றிலும் மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்.

இவ்வளவையும் படித்தவருக்கு, இனி விழிப்பாக இருந்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த நம்பிக்கையைத் தகர்த்தது ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரை. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு மாறாமல் ஒன்றே. இடமிருந்து வலமாக 12, 17, 31, 40 சதவீதம் என்று வாக்குகள் விழுந்தன. வலது ஓரத்தில் இருந்தது வெறும் இடத்தால் வென்றது. காரணம் கேட்டபோது ஒருவர்கூட இடத்தைச் சொல்லவில்லை. நெசவு, மென்மை என்று பண்டத்தின் குணங்களையே சொன்னார்கள். இடம் உங்கள் தேர்வைப் பாதித்திருக்குமா என்று நேராகவே கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். கேட்டவரைக் கவலையோடு பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் விரல்களுக்கு நான்காவது காலுறை மென்மையாகவே இருந்திருக்கும், கடையில் எனக்கு நாற்காலி உறுதியாக இருந்தது போலவே.

இங்கிலாந்தின் ஒரு பேரங்காடியில் ஏட்ரியன் நார்த்தும் உடன் இருந்தவர்களும் இரண்டு வாரம் நடத்திய இசைச் சோதனையும் இதைத்தான் சொல்கிறது. பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் 40 பிரெஞ்சு மதுப்புட்டிகளும் 8 ஜெர்மானியப் புட்டிகளும் விற்றன. ஜெர்மானிய இசை ஒலித்த நாள்களில் 12 பிரெஞ்சும் 22 ஜெர்மானியமும் விற்றன. கேள்விகளுக்கு விடை அளித்த 44 பேரில், இசை தங்களைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் 6 பேர்தான். மொத்தமே 82 புட்டிகள் என்பதை மறக்கக்கூடாது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. இருபுறமும் மூடியுள்ள, உள்ளே இரண்டு அறைகள் கொண்ட புட்டிகளைக் கொண்டு, ஒருவர் தேர்ந்தெடுத்த ஜாமுக்குப் பதிலாக அவர் ஒதுக்கிய ஜாமையே மீண்டும் கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். மாற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மற்றவர்கள் தாங்கள் ஒதுக்கியதையே விரும்பியதற்குக் காரணம் கூறினார்கள்.

இத்துறையைப் பற்றி எழுதும் எவரும் அதன் குற்றங்களை மறைக்கக் கூடாது. 1957இல் ஜேம்ஸ் விகாரி என்ற சந்தை ஆய்வாளர், திரைப்படத்தின் நடுவே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் செய்திகளைக் காட்டிப் பாப்கார்ன், கொக்க-கோலா விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார். உலகமே அஞ்சியது. 1962இல் அதற்குப் போதிய தரவு இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கதை இன்றும் உலவுகிறது. முதுமையைக் குறிக்கும் சொற்களைப் படித்த இளைஞர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் ஜான் பார்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பாடநூல்களில் எல்லாம் இடம்பெற்றது. 2012இல் ஸ்டெஃபான் டொயன் குழுவினர் அகச்சிவப்பு உணரிகளால் நேரத்தை அளந்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சோதனையை நடத்துபவர்களுக்கே, பங்கேற்பாளர் மெதுவாக நடப்பார் என்ற எதிர்பார்ப்பை ஊட்டியபோதுதான் அது தோன்றியது. சூழல் வேலை செய்தது. அதற்கு ஆட்பட்டவர்களில் ஆய்வாளரும் ஒருவராக இருந்தார் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அதே ஆண்டில் உளவியலாளர் டேனியல் கானமன் இத்துறையினருக்கு ஒரு திறந்த மடல் எழுதி, உங்கள் முடிவுகளை நீங்களே ஒருவருக்கொருவர் மறுபடி சோதித்துக் காட்டுங்கள் என்று வேண்டினார்.

அதனால் நான் இந்த ஆய்வுகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு சொல்லைக் காட்டி மனிதரின் நடையையும் குணத்தையும் செயலையும் மாற்றிவிட்டோம் என்பவற்றை ஐயத்தோடு படிக்கிறேன். எதிரில் இருக்கும் பண்டத்தின் இரு பொருள்களில் ஒன்றைச் சூழல் முன்னுக்குக் கொண்டுவந்தது, பக்கத்துப் பண்டம் ஓர் எண்ணுக்கு அளவுகோல் ஆனது, முன்பே சொன்ன செய்தி அனுபவத்தில் கலந்தது என்பவற்றை நம்புகிறேன். முதல் வகைக்கு மனம் ஒரு பொம்மையாக இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு, மொழியைப் புரிந்துகொள்ளும் அதே மனம் இருந்தாலே போதும்.

திமதி வில்சன், நான்சி பிரெக்கியோடு சேர்ந்து 1994இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய கலப்பிலிருந்து ஒருவர் மீள என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறார். கலப்பு நேர்ந்தது என்று தெரிய வேண்டும். அதைத் திருத்த விருப்பம் வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தோம் என்று தெரிய வேண்டும். திருத்தும் ஆற்றலும் இருக்க வேண்டும். முதலாவதே கைகூடாது என்பதைக் காலுறைகள் காட்டிவிட்டன. மூன்றாவது அதைவிடக் கடினம். இதழைப் படித்ததால் சாய்ந்தேன் என்று தெரிந்தவுடன், நான் மறுபக்கம் சாய்ந்து அந்த நாற்காலியைச் சில வாரம் தொடவே இல்லை. அதுவும் நியாயமான தீர்ப்பு அன்று.

ஆகவே அடுத்ததாக மேசை விளக்கு வாங்கியபோது, மனத்தைத் திருத்த முயலாமல் ஏற்பாட்டைத் திருத்தினோம். திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடு மூன்று விளக்குகளை வரவழைத்தோம். பெயர் பொறித்த இடங்களைத் தம்பி வெள்ளைத் தாளால் ஒட்டி மறைத்தான். விலைச்சீட்டுகளை அவனே எடுத்து வைத்துக்கொண்டான். ஒருவர் எழுதி முடிக்கும் வரை மற்றவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று உறுதி செய்துகொண்டோம். முதல் நாள் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டோம். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே இரண்டு இரவுகள் வைத்துப் படித்து, மறுபடியும் மதிப்பெண் போட்டோம்.

முதல் நாள் நான் எழுதிய தாளில் மிகுந்த ஒளி தரும் விளக்கு முதலிடத்தில் இருந்தது. அதன் எதிரே ‘தெளிவு’ என்று எழுதியிருந்தேன். தனியாக வைத்துப் படித்த பிறகு எழுதிய தாளில் அதே விளக்கு மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது. அதன் எதிரே ‘கண் கூசுகிறது’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தம்பியின் இரண்டு தாள்களிலும் இதே மாற்றம். பேசாமல் எழுதியவை என்பதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒளி குறைந்த விளக்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி அனுப்பினோம். தாளைக் கிழித்துப் பெயரைப் பார்க்க அவன் கை நீட்டியபோது, இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று நான் தடுத்துவிட்டேன். அந்த வெள்ளைத் தாள் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது.